பயணப் படங்களில் உள்ள மனிதர்களின் கதையை எவ்வளவு தூரம் எழுதலாம்?

வழிப்போக்கன் (கேள்வி):
நண்பர்களுக்கு வணக்கம். பயணங்களில் எடுத்த படங்களுள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் பின்னணியையும் சொல்லும் சிறு குறிப்புகளுடன் தொகுத்து வருகிறேன். நிலக்காட்சிகளைப் பற்றி எழுதுவதில் சிக்கல் இல்லை. மனிதர்கள் இடம்பெறும் படங்களில்தான் கை தயங்குகிறது. படகுத்துறை ஒன்றில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை, சைகையால் அனுமதி கேட்டுப் படம் எடுத்தேன். இருவருக்கும் பொதுவான மொழி இல்லாததால் அவரைப் பற்றி எதையும் கேட்டறிய இயலவில்லை. படத்தைப் பார்ப்பவர்களோ அந்த முகத்தில் பெருஞ்சோகம் தெரிவதாகவே சொல்கிறார்கள். அந்தச் சோகத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதலாமா? தெரிந்ததை மட்டும் எழுதினால் குறிப்பு வறண்டுவிடாதா?

நிழற்பெட்டி:
எழுதாதீர்கள் என்றே அழுத்தமாகச் சொல்வேன். முகத்தில் நாம் படிப்பது பெரும்பாலும் நம் மனத்தில் இருப்பதைத்தான். ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாம் ஒன்றில் எடுத்து, 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வெளிவந்த ஆப்கன் சிறுமியின் படத்தை அனைவரும் அறிவோம். அந்தப் பச்சை விழிகளில் போரின் அச்சத்தைக் கண்டதாகப் பலரும் கருதினார்கள். அவர் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல்தான் தெரியவந்தது; அந்தக் கணத்தைப் பற்றி அவருக்கு நினைவிருந்ததோ, அறிமுகமில்லாத ஆண் ஒருவர் தம்மைப் படம் எடுத்ததால் எழுந்த கோபம். அதுவரை அந்தப் படத்தை அவர் பார்த்ததுகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரதியா லாங்கே ஒரு தாயைப் பிள்ளைகளுடன் படம் எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. உணவு வாங்குவதற்காக அந்தக் குடும்பம் காரின் டயர்களை விற்றுவிட்டதாக 1960இல் அவர் எழுதினார். அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல் வெளியானபின், டயர்களை விற்கவே இல்லை, அதே காரில்தான் அங்கிருந்து கிளம்பினோம் என்று அவருடைய மகன் மறுத்தார். லாங்கே வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வேறொரு குடும்பத்தின் செய்தி இதனுடன் கலந்திருக்கக்கூடும். ஆனால் தவறான செய்தி படத்தோடு ஒட்டிக்கொண்டு உலகெங்கும் போய்விட்டது, அதைச் சுமக்க நேர்ந்தது அந்தக் குடும்பத்துக்கு.

மலைச்சாரல்:
நிழற்பெட்டி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் குறிப்பு வறண்டுவிடும் என்ற அச்சம் தேவையற்றது. படத்தில் இருப்பவரின் கதை தெரியாவிட்டாலும், அந்தப் படம் எப்படி அமைந்தது என்ற கதை உங்களிடம் முழுமையாக இருக்கிறதே! நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழும் காட்சியை ஆன்சல் ஆடம்ஸ் எடுத்தபோது, ஒளியின் அளவைக் காட்டும் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவை நினைவிலிருந்து எடுத்து, படத்துக்கு எவ்வளவு ஒளி தேவை என்பதை அதைக் கொண்டே கணக்கிட்டார். இரண்டாவது முறை எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேல் விழுந்திருந்த மாலை வெயில் அகன்றுவிட்டது. இதில் கற்பனை ஒரு துளியும் இல்லை, ஆனாலும் படிப்பவருக்கு மூச்சு நின்றுவிடுகிறது. உங்கள் குறிப்பில் அந்தத் துறையின் வெளிச்சத்தையும், கயிற்றைச் சுருட்டிய கைகளின் வேகத்தையும், அனுமதி கிடைத்த விதத்தையும் எழுதுங்கள். உங்களுக்குத் தோன்றியதையும் எழுதலாம். அது உங்கள் எண்ணம் என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வழிப்போக்கன்:
இருவருக்கும் நன்றி. கைகளைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அதிலிருந்தே தொடங்கப்போகிறேன். இனிமேல் எடுக்கும் படங்களுக்கு, இத்தகைய விவரங்களை எந்த முறையில் சேமிப்பது நல்லது?

மலைச்சாரல்:
அன்றிரவே எழுதிவிடுங்கள், நடந்துகொண்டிருக்கும்போது கைப்பேசியில் குரலாகப் பதிவுசெய்வது இன்னும் எளிது. ஆடம்ஸ் அந்தப் படத்தை எடுத்த நாளைக் குறித்துவைக்காததால், நிலவு நின்ற இடத்தைக் கொண்டு வானியல் அறிந்தவர்கள் கணக்கிட்டுத்தான் 1941 நவம்பர் 1 என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்றைய கேமராக்கள் நேரத்தையும் ஷட்டர் வேகத்தையும் படக்கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் எனப்படும் தரவாகத் தாமே பதிந்துவிடுகின்றன. ஆனால் நாடு மாறும்போது கேமராவின் கடிகாரத்தை மாற்றாவிட்டால் அந்த நேரமும் பிழையாகிவிடும். பெயர், சூழல், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைப் படத்தைப் பற்றிய விவரங்களை எழுதுவதற்கென்று படக்கோப்பிலேயே உள்ள ஐபிடிசி என்ற விளக்கப் பகுதியில் தட்டச்சு செய்துவிட்டால் குறிப்பும் படமும் பிரியாது. சமூக வலைத்தளங்கள் பலவும் பதிவேற்றத்தின்போது இந்தத் தரவுகளை நீக்கிவிடுவதால் மூலக்கோப்பைத் தனியே வைத்திருங்கள். அடைக்கலம் தேடி வந்தவர்களையோ குழந்தைகளையோ எடுத்திருந்தால், மூலக்கோப்பை யாருக்கேனும் அனுப்பும் முன்பு ஜிபிஎஸ் இடக்குறியை நீங்களே நீக்கிவிடுங்கள்.