மூல லினக்ஸ் டிஸ்ட்ரோல விளம்பரம் வந்தா அதுல இருந்து பிரிஞ்சதுலயும் வருமா?

கேள்வி: உபுண்டு லினக்ஸ்ல விளம்பரம் வந்த கதைய இப்பதான் படிச்சேன், அதை அடிப்படையா வச்சு எவ்வளவோ டிஸ்ட்ரோ (லினக்ஸ வச்சு செஞ்ச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) இருக்கே, அதுங்களுக்கும் இது தானா போய்ச் சேருமா இல்ல அவங்க எடுத்துட்டுத்தான் குடுப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: அந்த விளம்பரம் எந்த பேக்கேஜ்ல (டிஸ்ட்ரோவோட ஒரு சாஃப்ட்வேர் தொகுப்பு) இருக்குங்கறதப் பொறுத்தது நண்பா. 2012 அக்டோபர்ல உபுண்டு 12.10 வந்தப்ப டேஷ்ல (அதோட தேடல் மெனு) எதைத் தேடினாலும் அந்த வார்த்தை உபுண்டுவ நடத்துற கேனானிக்கல் கம்பெனி சர்வருக்குப் போய் அமேசான் பொருளெல்லாம் ரிசல்ட்ல வந்துச்சு, நம்ம கம்ப்யூட்டர்ல நம்ம ஃபைலத் தேடுறதுக்கு இது எதுக்குன்னு அப்பவே கோவம். சுதந்திர மென்பொருள் இயக்கத்த ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை ஸ்பைவேர்னே (உளவு பாக்குற சாஃப்ட்வேர்) சொன்னார். ஆனா அது உபுண்டுவோட அப்போதைய யூனிட்டி டெஸ்க்டாப்போட சேர்ந்தது, அதனால வேற டெஸ்க்டாப் வச்சிருக்குற குபுண்டு, சுபுண்டு, மின்ட் மாதிரி உபுண்டு வழி டிஸ்ட்ரோ எதுக்கும் வரல. 2016ல வந்த உபுண்டு 16.04ல டிஃபால்ட்டா ஆஃப் பண்ணிட்டாங்க.

பதில் 2: டெஸ்க்டாப்ல இருந்தா தப்பிச்சுடலாம் சரி, ஆனா ஏபிடில (பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற கருவி) அப்டேட் பண்றப்ப உபுண்டு ப்ரோங்கற கேனானிக்கல் சந்தா பத்தி டெர்மினல்ல வருதே, அந்த மாதிரி அடிமட்ட பேக்கேஜ்ல வர்றதுதான் சிக்கல். உபுண்டுவோட ரெப்போவ (பேக்கேஜ் எல்லாம் வச்சிருக்குற சர்வர்) நேரா யூஸ் பண்ற டிஸ்ட்ரோ ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கவனிச்சு ப்ளாக் பண்ணிட்டே இருக்கணும், அதுவும் ரெண்டு மூணு பேர் ஓய்வு நேரத்துல நடத்துற டிஸ்ட்ரோன்னா பாவம். கேனானிக்கலோட ஸ்னாப் (ஆப் இன்ஸ்டால் பண்ற இன்னொரு முறை) விளம்பரம் இல்லதான், ஆனா தடுக்குற வழி ஒண்ணுதான், மின்ட் 20ல அது தானா இன்ஸ்டால் ஆகாம ஏபிடி செட்டிங்லயே தடுத்து வச்சாங்க. உபுண்டு இல்லாமப் போனாலும் ஓடணும்னுதான் உபுண்டுக்கே மூலமான டெபியன்ல இருந்து எல்எம்டிஇ (லினக்ஸ் மின்ட் டெபியன் எடிஷன்) ஒண்ண மின்ட்காரங்க தனியா வச்சிருக்காங்க.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க, அப்ப எல்எம்டிஇ போட்டுப் பாக்குறேன்.