புதுப்பிப்பு: தொப்பூரில் நொறுங்கிய கார், இன்சூரன்ஸ் பணம்

தொப்பூர் இறக்கத்தில் லாரி மோதி என் கார் மொத்த சேதம் ஆனதையும், பாலிசியில் ஐடிவி (காருக்குக் குறித்திருக்கும் காப்பீட்டு மதிப்பு) 4,60,000 ரூபாய் இருக்க, சந்தை விலை இறங்கிவிட்டதென்று கம்பெனி 3,75,000தான் தருவோம் என்றதையும் போன மாதம் எழுதியிருந்தேன். நேற்று முடிந்தது. பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த சேதம், அப்போது பாலிசிக் காலம் முழுக்க ஐடிவிதான் சந்தை விலை, மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்று பாலிசித் தாளிலேயே இருக்கிறது; அந்த வரியைக் கோடிட்டுக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவர்; அங்கே கட்டணமே கிடையாது) என்றும் சேர்த்து எழுதினேன். 18ஆம் நாள் இறங்கி வந்தார்கள். கட்டாயக் கழிவு (க்ளெய்மில் நாமே ஏற்க வேண்டிய பங்கு) 1,000 போக 4,59,000. அவசரப்பட்டு 3,75,000க்கு ஒப்புக்கொள்ளும் வவுச்சரில் கையெழுத்துப் போடாதே என்று அன்றைக்குத் தடுத்த தருமபுரி மெக்கானிக் அண்ணனுக்கு நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.