மெண்டல்சன் ஆக்டெட்: எட்டுப் பேர் போதாதா?

பழைய_இசைத்தட்டு:
எட்டு நரம்பிசைக் கருவிகளுக்காக மெண்டல்சன் எழுதிய ஆக்டெட்டை, நடத்துநர் டோஸ்கனினி அமெரிக்க வானொலியின் என்.பி.சி. ஆர்கெஸ்ட்ராவின் நரம்பிசைக்காரர்கள் அத்தனை பேரையும் வைத்து நடத்திய 1947 பதிவை நேற்று மறுபடி கேட்டேன். இந்தப் படைப்பு இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்பது என் கட்சி. எல்லாக் கருவிகளும் சிம்பொனி பாணியில் வாசிக்க வேண்டும், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை இந்த வகைப் படைப்புகளின் வழக்கத்தைவிட அழுத்தமாகக் காட்ட வேண்டும் என்று மெண்டல்சனே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

செல்லோக்காரி:
எப்போதும் இந்தக் குறிப்புதானா சார்! சிம்பொனி மாதிரி வாசி என்று அவர் சொல்வது எட்டுப் பேரிடம். ஐம்பது பேரிடம் அதை ஏன் சொல்லப்போகிறார்? நாலு வயலின், ரெண்டு வயோலா, ரெண்டு செல்லோ, அவ்வளவுதான். ஆர்கெஸ்ட்ராவின் அடிக்குரலான டபுள் பாஸுக்கு ஒரு வரிகூட இல்லை. அதோடு இது 1825-இல் பதினாறு வயதுப் பையன் தன் வயலின் ஆசிரியரும் நண்பருமான எடுவர்ட் ரீட்ஸின் பிறந்தநாளுக்குக் கொடுத்த பரிசு. தொடக்கத்திலேயே முதல் வயலின் கிட்டத்தட்ட மூன்று ஸ்தாயி ஏறுகிறது. ஒரு தனி ஆளின் கையை நினைத்து எழுதியதை ஒரு வரிசையே சேர்ந்து இழுத்தால் அந்தத் துள்ளல் போய்விடும்.

பழைய_இசைத்தட்டு:
அவரே இதை ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொண்டுபோனாரே? 1829-இல் லண்டனில் தன் முதல் சிம்பொனியின் மினுயெட் என்ற நடனப் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆக்டெட்டின் மூன்றாம் பகுதியான வேகமான ஸ்கெர்சோவைத்தானே வைத்தார்?

செல்லோக்காரி:
வைத்தார். எப்படி வைத்தார்? நீளத்தைக் குறைத்து, காற்று வாத்தியங்களைச் சேர்த்து, புதிதாக எழுதி வைத்தார். ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆள் கூட்டுவது அந்த வழியில்லை.

புதுக்காது:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. முதல்முறை கேட்கிறவன் எங்கே தொடங்கலாம்?

செல்லோக்காரி:
ஸ்கெர்சோ, தம்பி. ஜெர்மன் கவிஞர் கெதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தில் ‘வால்புர்கிஸ் இரவுக் கனவு’ என்ற காட்சி முடிகிற வரிகள்தான் தூண்டுதல் என்று மெண்டல்சனின் அக்கா ஃபன்னி சொல்லியிருக்கிறார். மேகமும் பனியும் விலகும், இலையிலும் நாணலிலும் காற்று, எல்லாம் கலைந்துவிடும். முழுக்க மிக மெல்லிய சத்தம், வெட்டி வெட்டி வாசிக்கும் ஸ்டக்காட்டோ.

பழைய_இசைத்தட்டு:
ஐம்பது பேர் மெல்லிசாக வாசித்தால் வரும் புகைமூட்டம் எட்டுப் பேருக்கு வராது, தம்பி. இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஃபினாலேயில், அதாவது கடைசிப் பகுதியில், ஹேண்டலின் அல்லேலூயா கோரஸிலிருந்து ஒரு வரி வரும். கோரஸ் என்றால் கூட்டம்தானே?

செல்லோக்காரி:
அந்த ஃபினாலே எங்கே தொடங்குகிறது சார்? இரண்டாம் செல்லோவில், அடி ஸ்தாயியில், படுவேகத்தில். நான் வாசித்திருக்கிறேன், ஒரு ஆள் சுத்தமாக வாசிப்பதே பெரும்பாடு. பத்து செல்லோவும் பாஸும் சேர்ந்தால் ஸ்வரமே காதில் விழாது, வெறும் உறுமல்தான். அதன் மேல் ஒவ்வொரு குரலாக நுழைந்து எட்டும் சேருவதுதான் விஷயமே. அடித்தளமே கலங்கினால் மேலே யார் நுழைந்தார் என்று எப்படித் தெரியும்?

பழைய_இசைத்தட்டு:
ஃபினாலேவை விட்டுத் தருகிறேன். முதல் பகுதியை விடமாட்டேன். ஆரம்பத்தில் அந்த வயலினுக்குக் கீழே மற்றவர்கள் ஒரே ஸ்வரத்தை வில்லால் வேகமாக நடுங்க வைக்கும் ட்ரெமொலோ ஆர்கெஸ்ட்ரா எழுத்து இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

செல்லோக்காரி:
ஆர்கெஸ்ட்ரா எழுத்துதான். அதை எட்டே பேர் செய்து காட்டுவதால்தான் மயிர்க்கூச்செறிகிறது.