பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதியதெல்லாம் எங்கே இருக்கிறது?

தங்கச்சிமடம், ஆய்வு மாணவி:

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் கட்டுரை தேடிய அனுபவத்தை ஆளுக்கொன்றாக எழுதச் சொன்னதால் என் பங்கு இது. கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வாதாரம்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஏர்வாடி வரைக்கும் உள்ள அக்காமார்களிடம் போய்ப் பேசுவதில் ஒரு சிரமமும் இல்லை. அவர்களைப் பற்றி ஏற்கெனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் மன்னார் வளைகுடா, கடற்பாசி என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்து குவிவதெல்லாம் உயிரியலும் வேதியியலும். மரிக்கொழுந்துப் பாசியில் அகர் என்ற கூழ்ப்பொருள் எவ்வளவு, கட்டக்கோரைப் பாசியில் ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருள் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் போகும். அதை முங்கி எடுக்கிற பெண்ணைப் பற்றி ஒரு வரி இருக்காது. காரணம் இல்லாமல் இல்லை. 1947இல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கொச்சிக்குப் போகும் முன் பல வருஷம் நம்ம மண்டபத்தில்தான் தலைமையிடமாக இருந்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். மீனையும் பவளப்பாறையையும் ஆராய ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அதனால் வெறும் இடப்பெயரை மட்டும் நம்பித் தேடக்கூடாது. ‘விமன்’, ‘லைவ்லிஹுட்’, ‘ஜெண்டர்’ மாதிரி மனிதரைக் குறிக்கும் சொல் ஒன்றை மேற்கோள் குறிக்குள் கூடவே போட வேண்டும். வேதியியல் சொற்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு அவற்றை வடிகட்டவும் வேண்டும். இப்படிச் செய்த பிறகுதான் எனக்கு ஆள் முகம் தெரிய ஆரம்பித்தது.

அப்படிக் கிடைத்த ஒரு கட்டுரையின் சுருக்கத்தைச் சின்னப்பாலத்து அக்கா ஒருவரிடம் தமிழில் சொன்னேன். அப்போதுதான் கரையேறியிருந்தார். விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே கேட்டவர், “முழுசையும் படிம்மா” என்றார். முழுசும் படிக்க டாலரில் பணம் கட்டணும்க்கா என்றேன்.

“எங்க கதைய நாங்க படிக்கிறதுக்குக் காசா?”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரியே கட்டுரை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நான் யார், எதற்குக் கேட்கிறேன், யாருக்குப் படித்துக்காட்டப் போகிறேன் என்று நாலு வரிதான். பிரதி வந்துவிட்டது. ஆசிரியரிடம் கேட்க யாரும் கூச்சப்படாதீர்கள். தன் கட்டுரையை ஒருவர் தேடி வந்து கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே அனுப்புகிறார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் அக்காமார்கள் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். பாசியைக் கரையில் காயப்போடுவது, கல்லும் மண்ணும் போகச் சுத்தம் பண்ணுவது எல்லாம் வேலை இல்லையா, அது ஏன் இதில் வரவில்லை என்று கேட்டார்கள். என் ஆய்வில் அந்தக் கேள்விக்கு ஒரு தனி அத்தியாயம் வருகிறது.

இன்னொன்று. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடு பார்ப்பவர்கள் முதல் அத்தியாயத்தில் தொடங்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். கடைசியில் இருக்கும் நூற்பட்டியல் கோப்பை முதலில் திறங்கள். மூன்று வருஷம் ஒருவர் அலைந்து தேடியது அத்தனையும் அதில் இருக்கும்.

தொண்டி:

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் பார்ப்பது விசைப்படகு, நாட்டுப்படகுத் தகராறு. பாக் விரிகுடாவை ஆங்கிலத்தில் ‘பாக் பே’ என்று தேடினால் கச்சத்தீவு, 1974, 1976 ஒப்பந்தங்கள், வெளியுறவு இவையே திரும்பத் திரும்ப வரும். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று நமக்குள் இருக்கிற ஏற்பாட்டைப் பற்றி ஆழமாகப் படிக்க ஆள் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்டன் பாவிங்க் தமிழகக் கடற்கரை பற்றிப் பல வருஷமாக எழுதுகிறவர். கூகுள் ஸ்காலரில் அவர் பெயரில் தேடி, ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்தேன். ஒன்று பத்தானது. பக்கத்திலேயே ‘எல்லா வடிவங்களும்’ என்றொரு இணைப்பு இருக்கிறதே, அதையும் தட்டுங்கள். பதிப்பகம் காசு கேட்கும் கட்டுரை, ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சும்மா கிடக்கும்.

சென்னையில் ஐசிஎஸ்எஃப் என்ற சர்வதேச மீன்பிடித் தொழிலாளர் ஆதரவு அமைப்பு வெளியிடும் ‘சமுத்ரா’ அறிக்கைகளையும் விட்டுவிடாதீர்கள். மீன்பிடித் தொழிலாளர் பக்கம் நின்று எழுதுவது, இலவசமாகவே படிக்கலாம்.

நான் அரசுக் கல்லூரி. 2025 ஜனவரியில் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்ததிலிருந்து 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்கள் எங்களுக்குத் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகனுக்கு அது கிடையாது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கதவு திறக்கிறது, இன்னொன்றுக்குத் திறக்கவில்லை. இதை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

கீழக்கரை:

நான் மரக்காயர் கப்பல் வணிகம் தேடுகிறவன். பழைய ஆய்விதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேஸ்டோர் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையிலேயே படிக்கலாம், கல்லூரி அடையாளம் வேண்டாம். பழைய கட்டுரைகளில் நம்ம மாவட்டம் ‘ராம்நாட்’ என்றுதான் இருக்கும். ‘ராமநாதபுரம்’, ‘ராம்நாட்’ இரண்டு பெயருக்கும் நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘OR’ போட்டுத் தேடுங்கள்.

தங்கச்சிமடம், ஆய்வு மாணவி:

தொண்டி அண்ணே, உங்க தங்கை மகனை நான் சொன்ன மாதிரி ஆசிரியருக்கே எழுதச் சொல்லுங்கள். கடிதம் எழுத நான் கூட இருந்து உதவுகிறேன். கணினியின் உலாவியில் அன்பேவால் (Unpaywall) என்ற நீட்சியையும் போட்டுக்கொடுங்கள், சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதி எங்கே இருந்தாலும் காட்டிவிடும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மின்களஞ்சியத்தில் 2005, 2010 மீனவர் கணக்கெடுப்பு அறிக்கைகள் இருக்கின்றன. ஊர் வாரியாகப் பார்க்க அவனுக்கு உதவும்.

எனக்கும் ஒரு உதவி வேண்டும். வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கத்துப் பெண்களைப் பற்றிச் சமூகவியல் கட்டுரை எதையாவது பார்த்தவர்கள் ஆசிரியர் பெயரை மட்டுமாவது இங்கே போடுங்கள். மிச்சத்தை நான் தேடிக்கொள்கிறேன்.