கொரோனல் மாஸ் எஜெக்‌ஷனுக்கு ‘மகுடக் கக்கல்’ சரிவருமா?

வணக்கம். சூரியனோட வெளி அடுக்கான கொரோனாவுல இருந்து சரக்கு வெளிய வீசப்படுதே, அந்த கொரோனல் மாஸ் எஜெக்‌ஷனுக்குத்தான் தமிழ்ல ஒரு சொல் தேடிட்டு இருக்கோம். சூரியப் புயல்னே போட்டுட்டு போயிடலாமே, எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு ஐயா போன மடல்ல கேட்டிருந்தீங்க. மெனக்கெட்டுத்தான் ஆகணும் ஐயா, ஏன்னா அந்த ஒரே பேருக்குள்ள பத்திரிகைக்காரங்க மூணு சங்கதிய அடைச்சு வச்சிருக்காங்க. ஃப்ளேர்னா சூரியன்ல திடீர்னு வெடிச்சு வர்ற வெளிச்சம், எக்ஸ்ரே எல்லாம் சேந்தது, எட்டே நிமிஷத்துல இங்க வந்துரும். கொரோனல் மாஸ் எஜெக்‌ஷன் அப்படி இல்ல, அது சரக்கு, காந்தப்புலத்தையும் சுருட்டிக்கிட்டு கெளம்புற நூறு கோடி டன் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் ஏறுன வாயு, வந்து சேர ரெண்டு மூணு நாள் ஆகும், ரொம்ப வேகமா வந்தா ஒரு நாளுக்குள்ள. அது வந்து பூமியோட காந்தப்புலத்த உலுக்குதே, அதுதான் புயல்.

1859 செப்டம்பர் 1-ஆம் தேதிய பாருங்க. லண்டன் பக்கம் கேரிங்டன்ங்கிற வானியலாளர் சூரியப் புள்ளிகள வரைஞ்சிட்டு இருக்கும்போதே ரெண்டு வெள்ளைப் பொட்டு பளிச்சுனு மின்னி அஞ்சு நிமிஷத்துல அடங்கிப் போச்சு. அதே நேரத்துல லண்டன் கியூ ஆய்வகத்துல காந்தமானி லேசா ஒரு துடி துடிச்சுது. அப்புறம் சுமார் பதினேழரை மணிநேரம் கழிச்சு வந்தது பாருங்க, அதுதான் பெருசு, தந்தி ஆபரேட்டர்களுக்கு ஷாக் அடிச்சுது, நம்ம பம்பாய் கொலாபா ஆய்வகத்துல காந்தப்புலம் 1600 நானோடெஸ்லா (காந்தப்புலத்த அளக்குற அலகு) அளவுக்கு விழுந்துச்சு. முள்ளு ரெண்டு தடவ ஆடியிருக்கு, ரெண்டுக்கும் காரணம் வேற: மொதல்ல ஃப்ளேர், அப்புறம் வந்து சேந்த சரக்கு. ஒரே பேர வச்சுக்கிட்டு இத எப்படி எழுதுறது?

ஃப்ளேருக்கு ‘சூரியச் சுடர்’ ஏற்கனவே ஓடிட்டு இருக்கு, அது இருக்கட்டும். சிக்கல் அடுத்ததுலதான். ‘மகுட உமிழ்வு’னு தங்கச்சி ஒருத்தங்க சொன்னாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒளி வெளிய வர்ற எமிஷனுக்கு உமிழ்வ குடுத்து ரொம்ப நாளாச்சு, சரக்கு போறத சொல்ற எடத்துல திரும்பவும் வெளிச்சம்தான் ஞாபகம் வரும். நான் ‘மகுடத் தெறிப்பு’ன்னேன், கொதிக்கிற எண்ணெயில தண்ணி பட்டா தெறிக்குமே அந்த நெனப்புல. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒரே வரியில முடிச்சுட்டார், அங்க பள்ளிக்கூடப் பௌதிகத்துல தெறிப்புன்னா ரிஃப்ளெக்‌ஷனாம். சரி, அத விட்டுட்டேன்.

அதான் ‘மகுடக் கக்கல்’. கக்கல்னா வாந்தி ஞாபகம் வருது, கொமட்டுதுன்னு ரெண்டு பேர் சொல்லிட்டீங்க. எரிமலை குழம்ப கக்குதுன்னு பேப்பர்ல படிக்கும்போது யாருக்கும் கொமட்டலயே? உள்ள இருந்த பொருள் வெளிய வந்து விழுதுங்கிறது அந்த ஒரு சொல்லுலயே இருக்கு. கொரோனாவ அப்படியே வைக்கலாம்னா, இனிமே தலைப்புல அந்த வார்த்தைய பாத்தா எவனும் மாஸ்க்கத்தான் தேடுவான். கிரகணத்தப்போ சுத்தி தெரியுமே அந்த வெள்ளி வளையம், அதுக்கு மகுடம்ங்கிறதவிட பொருத்தமா எனக்கு வேற தோணல.

இன்னொண்ணு, கக்குனதெல்லாம் புயல் ஆகாது. அது சுமந்துட்டு வர்ற காந்தப்புலம் தெக்க பாத்து இருந்தாத்தான் பூமியோட புலத்தோட நல்லா பிணைஞ்சுக்கும், வடக்க பாத்து இருந்தா பெரும்பாலும் பெரிய சேதம் இல்லாம ஒதுங்கிப் போயிடும். 2024 மே மாசம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பல கக்கல் வந்து மோதி, லடாக் ஹான்லேல வானமே செவந்து கெடந்துச்சு. 1989 மார்ச்ல கனடாவோட கியூபெக்ல மொத்த கரண்டும் போக ஒண்ணரை நிமிஷம்தான் ஆச்சு. இதுக்கெல்லாம் ‘புவிகாந்தப் புயல்’னு தனியா வச்சுட்டா ‘கக்கல் வருது, புயல் வருமான்னு பாக்கணும்’னு ஒரு வாக்கியமாவது தப்பில்லாம எழுதலாம். செங்கோட்டைக்காரங்க நிகர் ஷாஜி திட்ட இயக்குநரா இருந்து அனுப்புன இஸ்ரோவோட சூரிய ஆய்வு விண்கலம் ஆதித்யா எல்1, பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்னு மகுடத்த பாத்துட்டு இருக்கு, அதப்பத்தி நியூஸ் எழுதும்போதெல்லாம் இந்தச் சொல் வேணும்.

‘மகுடக்கக்கல்’னு சேத்து எழுதுனா ரெண்டு க்க பக்கத்துல வந்து வாய் தடுக்குது, அதனால பிரிச்சே போட்டிருக்கேன். புணர்ச்சி இலக்கணம் தெரிஞ்சவங்க பாத்து சொல்லுங்க.