கல்லூரியோடு கலைந்துபோன பேண்ட், அதற்கு இன்னும் ஒரு ரசிகன்: பாட்டை யூடியூபில் ஏற்றலாமா?

கடைசி பெஞ்ச்:
நான் படித்த கல்லூரியில் என் சீனியர்கள் ஐந்து பேர் ஒரு மியூசிக் பேண்ட் வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம், சொன்னாலும் இங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள், பேண்டும் அதோடு சரி. அவர்களே எழுதி இசையமைத்த ஆறு பாட்டுகளை சிடியில் எரித்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள், அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. இணையத்தில் எவ்வளவு தேடினாலும் ஒரு வரிகூட வராது.

எனக்கு அந்த ஆறும் மனப்பாடம். மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது டிரம்மர் கையிலிருந்து குச்சி நழுவிவிடும். ஒரு அடி காணாமல் போகும், குச்சி தரையில் உருளுகிற சத்தம் கேட்கும், மைக்குக்குத் தள்ளி யாரோ அடக்க முடியாமல் சிரிப்பார்கள், ஆனால் பாடகர் நிறுத்தவே மாட்டார். பெரிய ஸ்டூடியோ என்றால் அதை அழித்துவிட்டுத் திரும்ப எடுத்திருப்பார்கள். எனக்கோ அந்த இடம் வரும்வரை இருப்புக்கொள்ளாது.

இப்போது விஷயம் என்னவென்றால், இதை யூடியூபில் போடலாமா? பாடகரின் லிங்க்ட்இன் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆள் நிதித்துறையில் பெரிய பதவியில் இருக்கிறார். திடீரென்று ஒருவன் வந்து ‘நான் உங்கள் ரசிகன்’ என்றால் பயந்துவிட மாட்டாரா?

ஃபேடர்:
ஏற்றுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த சிடியைக் காப்பாற்றுங்கள். வீட்டில் எரித்தது என்றால் அது சிடி-ஆர். தொழிற்சாலையில் அச்சடிக்கும் சிடி மாதிரி பள்ளம் வைத்த தகடு அல்ல, லேசரால் சாயத்தில் பதித்தது. வெளிச்சத்திலும் சூட்டிலும் அந்தச் சாயம் மங்கிக்கொண்டே போகும், ஒருநாள் டிரைவ் படிக்க மறுக்கும்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் செக்யூர் மோடில் ரிப் செய்தால், அதாவது சிடியிலிருந்து பாட்டைக் கணினிக்கு எடுத்தால், சந்தேகமான இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள், எம்பி3 கேட்பதற்கு மட்டும். இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று மூலக்கோப்பில் கை வைத்துவிடாதீர்கள், அந்தக் குச்சி சத்தமும் சேர்ந்து போய்விடும்.

எங்கேயாவது ஏற்றிவிட்டால் பத்திரம் என்றும் நம்ப வேண்டாம். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2003 முதல் 2015 வரை பேண்டுகள் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றத்தில் போய்விட்டன என்று 2019இல் தெரியவந்தது. அதில் 2008 முதல் 2010 வரையிலான நாலரை லட்சத்துக்கும் அதிகமான பாட்டுகள் மீண்டதற்குக் காரணம், யாரோ முன்பே நகலெடுத்து வைத்திருந்து இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்ததுதான்.

சும்மா படிக்கிறவன்:
கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். நீங்கள் விரும்புவது அந்தப் பாட்டையா, அதைக் கேட்ட வயதையா? கல்லூரி மேடையில் எல்லா பேண்டும் நன்றாகத்தான் இருக்கும்.

கடைசி பெஞ்ச்:
இரண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே மேடையில் வேறு பேண்டுகளும் வாசித்தன, அவற்றின் ஒரு பாட்டுகூட எனக்கு நினைவில் இல்லையே. இவர்கள் சுமாராகத்தான் வாசிப்பார்கள், பேஸ் கிட்டார் பல இடங்களில் சுருதி விலகும். ஆனால் யாரையும் காப்பியடிக்கவில்லை. இருபது வயதில் விடுதி அறை வாடகையையும் அரியர் பேப்பரையும் பற்றிப் பாட்டு எழுதினார்கள், மற்றவர்கள் எல்லாம் காதலில் உருகிக்கொண்டிருந்தபோது.

பழைய டிரம்மர்:
மறுபக்கத்திலிருந்து ஒருவன் பேசுகிறேன். நானும் இப்படி ஒரு பேண்டில் இருந்தேன், எங்களுக்கும் ஒருவர் எழுதினார். முதலில் யாரோ கலாய்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், எனக்கே மறந்துபோன ஒரு பாட்டின் நடுப்பகுதியைக் குறிப்பிட்டு, அங்கே தாளம் ஏன் மாறுகிறது என்று கேட்டிருந்தார். கலாய்ப்பதற்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அதனால் ‘உங்கள் பாட்டு என் வாழ்க்கையையே மாற்றியது’ என்றெல்லாம் ஆரம்பிக்காமல், நேராகக் குச்சி விழுந்த இடத்தைச் சொல்லுங்கள். சிடி எப்படிக் கிடைத்தது என்று ஒரு வரி. பதில் எழுதாவிட்டால் பரவாயில்லை என்று ஒரு வரி. போதும். மீண்டும் எப்போது சேர்ந்து வாசிப்பீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாங்கள் பிரிந்தது படிப்பு முடிந்ததால் என்று வெளியே சொல்லிக்கொள்வோம், உண்மையில் ஆம்ப்ளிஃபையர் வாங்கிய கடனை யார் கட்டுவது என்ற சண்டை. இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

கேட்காமல் ஏற்றவும் வேண்டாம். இருபது வயதில் எழுதிய வரி இப்போது அவருக்குக் கூச்சமாக இருக்கலாம்.

சிக்னல்:
டிரம்மர் அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பான்சிகோ என்று பையன்கள் சேர்ந்த ஒரு பேண்ட், 2000இல் ஒரு டெமோ சிடியை மிகச் சில பிரதிகள் மட்டும் போட்டுவிட்டுக் கலைந்துவிட்டது. 2016இல் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் அது யாரோ ஒருவர் கையில் கிடைத்தது. தகடு கெட்டுப்போய்ப் பாட்டு முழுக்கக் கரகரப்பு, அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கரகரப்போடேயே அதற்கு ரசிகர்கள் சேர்ந்து, ஆட்களைத் தேடி 2020இல் பாடகரைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அவருக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது. இப்போது பேண்ட் திரும்பவும் மேடையில். அனுமதி கேட்டுக்கொண்டு காத்திருந்தால் இது நடந்திருக்குமா?

பழைய டிரம்மர்:
அங்கே யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. இவருக்கு ஆள் தெரியும், பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டார். இரண்டும் ஒன்றா?

ஃபேடர்:
உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கேயும் பதிவு செய்யாவிட்டாலும் பாட்டு எழுதியவர்களுக்கு உரிமை உண்டு. மெட்டும் வரியும் ஒரு உரிமை, ஒலிப்பதிவு தனி உரிமை. ஐந்து பேர் சேர்ந்து செய்தது என்றால் பாடகர் சரி என்றது மட்டும் போதாது. நடுவில் வேறு யாருடைய மெட்டையாவது கலந்திருந்தால் உரிமை உள்ள பாட்டுகளைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

கடைசி பெஞ்ச்:
சரி, ஏற்றுவதைத் தள்ளி வைக்கிறேன். பாடகரை விட்டுவிட்டு டிரம்மரிடமே முதலில் எழுதலாம் என்று தோன்றுகிறது, அவர் எண் ஒரு சீனியரிடம் இருக்கிறதாம். சிரித்தது யார் என்று மட்டும் கேட்கப் போகிறேன். சிடியில் நாலாவது பாட்டின் பக்கம் கீறல் இருக்கிறது, ரிப் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

ஃபேடர்:
கீறலைப் பொறுத்தது, ஒரே பாட்டுக்கு மணிக்கணக்கில்கூட ஓடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அப்படியும் பிழை காட்டினால் வேறு ஒரு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படித்துவிடும். துடைப்பதென்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.