லண்டன் குளிரில் செவ்வரளி தாங்குமா?

கேள்வி: இங்கே நர்சரியில் செவ்வரளியைப் பார்த்ததும் ஆசையாக வாங்கிவிட்டேன், சாமிக்குப் பூ கிடைக்குமே என்று. தோட்டத்தில் தரையிலேயே நடலாமா? வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், அதுதான் யோசனை.

பதில்: தரையில் வேண்டாம் அக்கா, பெரிய தொட்டியில் வையுங்கள். மைனஸ் 5 டிகிரி வரை ஓரளவு சமாளிக்கும். அதற்கும் கீழே போனால் நுனிகள் கருகிவிடும். என் செடி கோடை முழுக்கத் தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரம்தான். வெயில் போன பிறகும் அந்தச் சுவர் சூடாகவே இருக்கும், அதனால்தான் மொட்டு விரிகிறது. நிழலில் வைத்தால் மொட்டாகவே உதிரும். அக்டோபர் கடைசியில் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்விடுவேன். அப்புறம் மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

கேள்வி கேட்டவர்: சரி தம்பி. விஷம் எந்த அளவுக்கு?

பதில்: இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம்தான் அக்கா. காய்ந்த சருகிலும் போகாது. அதிலுள்ள ஓலியாண்ட்ரின் என்ற நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். கவாத்துக்குக் கையுறை கட்டாயம். வெட்டிய குச்சியை எரிக்கவே கூடாது, புகையும் ஆகாது.

இன்னொருவர்: பையன் கொஞ்சம் வளரட்டும்மா, அதுவரை அரளியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சாமிக்கு ஜன்னலோரம் ஒரு செம்பருத்தி போதும். குழந்தை ஒரு இலையைக் கடித்தாலும் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.